கை நீளம் பார்த்து ஆள் எடுத்த காலம்

தையற்காரர்கள் கழுத்தில் தொங்கவிடும் அளவு நாடா ஒன்று பல வருடங்களாக என் காற்சட்டைப் பையில் இருந்தது. குத்துச்சண்டை பழக வேண்டும் என்று எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் கைகளை இரண்டு பக்கமும் விரிக்கச் சொல்வேன். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளப்பேன். அப்புறம் சுவரோடு நிறுத்தி உயரம் பார்ப்பேன். கைவிரிவு உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். குறைவாக இருந்தால், "மகன், நீ உதைபந்துக்குப் போய்ப் பார்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனால், முன்பு மீன்வாடியாக இருந்த ஒரு கொட்டில் இருக்கிறது. 2010இலிருந்து பின்னேரங்களில் அங்கேதான் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். நான்கு தென்னங்குற்றியை நட்டு, பழைய வலைக்கயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். அதுதான் எங்கள் ரிங். தரை கடல் மணல்.

யார் தேறுவார் என்பதை உடம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எனக்குப் பழக்கிய பெரியவர் நம்பினார். நானும் நம்பினேன். ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு: பசியில் வளர்ந்த பிள்ளைதான் அடிக்கும், வசதியான வீட்டுப் பிள்ளை மூக்கில் ஒரு குத்து விழுந்ததும் வீட்டுக்குப் போய்விடும் என்று. இரண்டையும் நான் மாறி மாறிச் சொல்லியிருக்கிறேன். வென்றவனைப் பார்த்து, "இரத்தத்தில் இருக்கிறது" என்பேன். தோற்றவனைப் பார்த்து, "இவனுக்குப் பசி போதாது" என்பேன். இந்த இரண்டு பேச்சாலும் சில பிள்ளைகளை நான் இழந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

ஒரே ஆண்டில் வந்த இரண்டு பேரில் தொடங்குகிறேன்.

ஒருவன் கடற்கரைப் பிள்ளை, 14 வயது. கைவிரிவு உயரத்தைவிட 9 சென்ரிமீற்றர் கூட. கொப்பியில் இரண்டு நட்சத்திரம் போட்டேன். ஜெப், அதாவது முன்கையால் நேராகக் குத்தும் குத்து, எப்படி என்று காட்டிய முதல் நாளே, முழங்கை வெளியே விரியாமல் குத்தி, போன வழியாலேயே கையைத் திருப்பி எடுத்தான். மற்றப் பிள்ளைகளுக்கு அது படிய மாதக்கணக்கில் எடுக்கும். அப்பா, பெரியப்பா எல்லாரும் கரைவலைக்காரர்கள். "அது அவங்கட பரம்பரைத் தோள், சேர்" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளை 10 வயதிலிருந்து விடுமுறை நாட்களில் கரைவலை இழுத்தவன் என்பதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. ஈர மணலில் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கயிற்றோடு பின்னால் சாய்ந்து மணித்தியாலக் கணக்கில் இழுக்கும் வேலை அது. குத்தின் பலம் பின்கால் விரலில் தொடங்கி, இடுப்பில் திரும்பி, தோளுக்கு ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முதல் பாடமே அதுதான். அந்தப் பாடத்தை அவன் கரையிலேயே முடித்துவிட்டு வந்திருந்தான். பின்னாளில் அவனுடைய பெரியப்பாவின் மகன் வந்தான். அதே நீளக் கை, ஆனால் ரவுணில் வளர்ந்தவன், வலைக்கயிற்றைத் தொட்டதில்லை. இடுப்பைத் திருப்ப அவனுக்கு ஒரு வருடம் எடுத்தது.

மற்றவன் காத்தான்குடிப் பிள்ளை. வாப்பாவுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கட்டையான உடம்பு, தடித்த கழுத்து, கைவிரிவு உயரத்தைவிட 2 சென்ரிமீற்றர் குறைவு. உதைபந்துக்குப் போகச் சொன்னேன். அடுத்த நாளும் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். அதற்கடுத்த நாளும் வந்தான். இரண்டாம் கிழமை வாப்பாவே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "சேர், இவன் இங்க வந்தா வேற எங்கயும் சுத்த மாட்டான். குத்து ஒண்டும் பழக்க வேணாம். ஒரு மூலைல கயிறு அடிக்கட்டும், காணும்" என்றார். சரி, துள்ளுகயிறு அடிக்கட்டும் என்று விட்டேன்.

நீளக் கைக்காரன் பாடசாலை மட்டத்தில் இரண்டு போட்டிகள் வென்றான். 16 வயதில் கிழமைக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று வராமல் விடத் தொடங்கினான். வந்த நாட்களிலும் இரண்டாவது ரவுண்டிலேயே கை இறங்கிவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "திறமை இருந்து என்ன செய்ய, ஒழுக்கம் இல்லையே" என்று ஏசினேன். தலை குனிந்து நின்றான். அதற்குப் பிறகு வரவில்லை. ஆறேழு மாதம் கழித்துக் கல்லடிப் பாலத்தடியில் கண்டேன். கையெல்லாம் சீமெந்து. அம்மா குவைத்துக்குப் போய்விட்டார், வீட்டில் இரண்டு தங்கச்சிமார், அப்பாவின் தோணி எஞ்சினுக்கு எடுத்த கடன் முடியவில்லை, இவன் மேசனுக்குக் கையாளாகப் போகிறான். "அப்ப பயிற்சிக்கு வாறப்ப என்ன மகன் சாப்பிட்டுட்டு வருவ?" என்று கேட்டேன். "காலையில ஒரு பணிஸும் பிளேன்டீயும், சேர். மறுகா ராவைக்குத்தான்" என்றான். இரண்டு வருடம் தினமும் முகத்தைப் பார்த்த பிள்ளை. அந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பசிதான் குத்துச்சண்டைக்காரனை உருவாக்கும் என்று அன்றைக்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. வறுமை பிள்ளையைக் கொட்டிலின் வாசல் வரை கொண்டுவந்து விடும், உண்மைதான். சப்பாத்து வேண்டாம், மைதானம் வேண்டாம், ஒரு சோடி கிளவுஸை நாலு பேர் மாற்றிப் போடலாம், அதனால் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அதே வறுமைதான் 16 வயதில் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டும் போகிறது.

கட்டைக் கைக்காரன் கயிறு அடித்தபடியே நான் மற்றவர்களுக்குச் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் ஸ்பாரிங்குக்கு, அதாவது இரண்டு பேர் மோதும் பயிற்சிச் சண்டைக்கு, ஆள் குறைந்தது, இறக்கினேன். தூர நின்றால் அடிவாங்க வேண்டும் என்பதால் அவனாகவே குனிந்து உள்ளே போகப் பழகியிருந்தான். பின்னேரம் பின்னேரம் வாப்பாவின் கடையில் சோறும் மீனும் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் இருந்துவிட்டு, சைக்கிளில் வருவான். நோன்பு காலத்தில் மட்டும் கயிறும், எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் நிழல்சண்டையும்தான், அதையும் குறைத்துக்கொள்வோம். நாலரை வருடம் அப்படி வந்தான். 18 வயதில் மாகாண மட்டத்தில் வெள்ளி எடுத்தான். என்னிடம் பழகியவர்களில் இதுவரை அதிக தூரம் போனவன் அவன்தான். கொப்பியில் அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இல்லை.

அவனுக்குச் சொல்வதற்காகத்தான் ரொக்கி மார்சியானோவைப் பற்றித் தேடி வாசித்தேன். பாரம்கூடிய எடைப்பிரிவின் உலக சம்பியன்களில் மிகக் குட்டையான கைகள் உடையவர்களில் ஒருவர் அவர். கைவிரிவு 68 அங்குலம்தான். 49 சண்டைகள், 49 வெற்றி, 1956இல் தோல்வியே இல்லாமல் ஓய்வுபெற்றார். அவரை என் கொட்டிலுக்குக் கூட்டி வந்திருந்தால் அளவு நாடாவை வைத்து உதைபந்துக்கு அனுப்பியிருப்பேன்.

வாசிக்க வாசிக்க இன்னொன்றும் தெளிந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ரிங்கில் பெயரெடுத்தவர்கள் ஐரிஷ்காரர்கள். அதன் பின் 1910களிலிருந்து 30கள் வரை யூதப் பிள்ளைகள். பெனி லெனார்ட், பார்னி ரோஸ் எல்லாம் அந்தக் காலத்து உலக சம்பியன்கள். அடுத்து இத்தாலிய வம்சாவளியினர், கறுப்பினத்தவர், மெக்சிக்கோ வழி வந்தவர்கள். ஒவ்வொரு கூட்டமும் நகரத்தின் நெருக்கமான சேரியில் இருந்த காலத்தில் ரிங்குக்கு வந்தது, படித்து வேலை எடுத்து வெளியேறியதும் ரிங்கைவிட்டுப் போனது. பேரப்பிள்ளைகளின் இரத்தம் தாத்தாவின் இரத்தம்தான். முப்பது வருடத்தில் மரபணு மாறாது. வீட்டு விலாசம் மாறும்.

கியூபாவின் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் உள்ள தீவு. 1972க்கு முன்னர் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அவர்களுக்கு ஒரு தங்கமும் கிடையாது. 1962இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடைசெய்து, அரசாங்கமே விளையாட்டுப் பாடசாலைகளைத் திறந்து, பயிற்றுநர்களை உருவாக்கியது. பத்து வருடம் கழித்து 1972இல் மூன்று தங்கம். இன்றைக்கு 40க்கு மேல். தியோபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் எடுத்தார். அந்த நல்ல உடம்புகள் 1950களிலும் அந்தத் தீவில் இருந்திருக்கும். அவர்களைத் தேடிப் பிடித்துச் சோறும் கிளவுஸும் கொடுக்கத்தான் அப்போது ஏற்பாடு இல்லை.

அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. மட்டக்களப்பு ஏன் கூடைப்பந்துக்குப் பெயரெடுத்தது? மட்டக்களப்பார் மற்ற ஊராரைவிட உயரமா? புனித மைக்கேல் கல்லூரிக்கு அமெரிக்க இயேசு சபைக் குருமார் வந்தார்கள், கூடைப்பந்து வேரூன்றியது, வெபர் அடிகளார் போன்ற ஒருவர் வாழ்நாளை விளையாட்டுக்குக் கொடுத்தார். இன்று அவருடைய பெயரில்தான் எங்கள் வெபர் மைதானம் இருக்கிறது. அந்தக் குருமார் கிளவுஸையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் எங்கள் ஊர் வேறு கதை சொல்லியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். இலங்கையில் பாடசாலைக் குத்துச்சண்டைக்கு 1914இலிருந்து ஸ்டப்ஸ் கேடயம் இருக்கிறது. பார்னி ஹென்ரிகஸ் 1938இல் சிட்னியில் பொதுநலவாயப் போட்டிகளின் அன்றைய வடிவத்தில் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்தார். அவருடைய சகோதரர்களும் குத்துச்சண்டைக்காரர்கள். பரம்பரை என்று சொல்லலாம். அண்ணன்மார் கிளவுஸ் கட்டிய வீடு என்றும் சொல்லலாம். ஒரே வீட்டில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்போது பிரித்துப் பார்ப்பது இலேசில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளை தாங்காது என்கிறவர்களுக்கு உக்ரேனின் கிளிட்ச்கோ சகோதரர்களைச் சொல்வேன். தகப்பன் சோவியத் விமானப்படை அதிகாரி. இரண்டு பேரும் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள், இரண்டு பேரும் பாரம்கூடிய எடைப்பிரிவில் உலக சம்பியன்கள். முகம்மது அலி 12 வயதில் ரிங்குக்கு வந்தது சைக்கிள் களவு போனதால். முறைப்பாடு சொல்லப் போன இடத்தில் இருந்த பொலிஸ்காரர் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிடத்தில் அந்த மனிதர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்காக உடம்பில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். எல்லாருக்கும் ஒரே வேகம் வாய்க்காது. வேகமாகச் சுருங்கும் தசைநாரில் வேலை செய்யும் ஒரு புரதத்துக்கான மரபணுவை ஏ.சி.ரி.என்.3 என்பார்கள். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் அந்தப் புரதம் இல்லை. உச்ச நிலைக் குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் அது இல்லாமலிருப்பது மிக அரிது என்று 2003இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அது இருக்கிறவர்கள் உலகத்தில் மிகப் பெரும்பான்மை. என் கொட்டிலுக்கு வரும் பிள்ளைகளிலும் பெரும்பாலானோருக்கு இருக்கும். அதை வைத்து யாரைத் தெரிவு செய்வது? உயரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு வளரும் சமூகங்களில் ஆளுக்கு ஆள் உள்ள உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80 வீதம் பரம்பரையால் வருகிறது என்கிறார்கள். சாப்பாடு குறைந்த இடத்தில் அந்தப் பங்கும் குறைகிறது. பரம்பரை எவ்வளவு என்ற கணக்கே பானையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னொன்று, குத்துச்சண்டையில் எடைப்பிரிவு இருக்கிறது. உடம்பின் பருமன் தரும் அநியாயமான வாய்ப்பில் பெரும்பகுதியை அந்தத் தராசு எடுத்துவிடுகிறது.

மரபணு பற்றி வாசித்ததில் என் நெஞ்சில் தைத்தது வேறு ஒன்று. 1997இல் 30 குத்துச்சண்டைக்காரர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நீண்ட காலம் ரிங்கில் இருந்தவர்களில் அபோஈ4 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு மூளைப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் யார் வெல்வான் என்று தேடி நான் நாடாவோடு அலைந்த காலத்தில், யாருக்கு அடி கூடுதலாகப் பாதிக்கும் என்ற கேள்வி என் மனதில் எழுந்ததேயில்லை. எந்தப் பிள்ளைக்கு அந்த வகை இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் வழி கிடையாது. அதனால் எல்லாருக்கும் இருக்கிறது என்று வைத்துத்தான் இப்போது பழக்குகிறேன். முதல் வருடம் தலைக்குக் குத்து இல்லை. தோளையும் வயிற்றையும் தொட்டு விளையாடலாம். ஸ்பாரிங் கிழமைக்கு ஒரு நாள்தான். தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை தள்ளாடினால், வாந்தி எடுத்தால், கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நொக்அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக்கூடாது என்று அமெச்சூர் விதிகளில் இருந்தது. அதை நான் பயிற்சிக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கிறேன். "இப்ப சரி சேர், ஒண்டும் செய்யல்ல" என்று பிள்ளை சொல்லும். பிள்ளை சொல்வதைக் கேட்காதீர்கள்.

எழுதக் கூச்சமான ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். ஒரு போட்டிக்கு முன்னால் 15 வயதுப் பிள்ளை ஒருவன் 49.6 கிலோ இருந்தான். 48க்கு இறக்கினால் இலேசான எதிராளி கிடைப்பான் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்து, மழைக்கோட்டைப் போடவைத்து, கடற்கரையில் வெயிலில் ஓடவிட்டேன். தராசில் 47.9 காட்டியது. சந்தோசப்பட்டேன். ரிங்கில் முதல் ரவுண்டு முடியும் முன்பே கால் தளர்ந்துவிட்டது, தோற்றான். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே மயங்கினான். அன்றிரவு சேலைன் ஏற்றினார்கள். அம்மா வந்து கட்டிலடியில் நின்று, "சேர், நான் புள்ளைய உங்கள நம்பித்தானே அனுப்பின" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை வளரும் வயதில் இருந்தான். அவனுடைய உடம்பு கேட்ட சாப்பாட்டை நான் மறித்திருந்தேன். அதன் பிறகு எடை இறக்குவது எங்கள் கொட்டிலில் கிடையாது. என்ன எடையோ அந்தப் பிரிவு.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டனில்தான் வந்தது. அந்த முதல் தடவையே மணிப்பூரில் விவசாயக் கூலிகளின் மகளாகப் பிறந்த மேரி கோம் வெண்கலம் எடுத்தார். அப்போது அவர் பிள்ளைகளின் தாய். உலக சம்பியன் பட்டம் ஆறு தடவை வென்றவர். அவரைப் போல உடம்பு வாய்த்த பெண்கள் அதற்கு முன் எத்தனை தலைமுறை இருந்திருப்பார்கள்! கதவு பூட்டியிருந்தது. என்னிடமும் முதல் ஆறு வருடம் ஒரு பெண் பிள்ளையும் வரவில்லை. விருப்பம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பிள்ளையின் சித்தி வந்து, "சேர், உடுப்பு மாத்த ஒரு மறைப்பு இல்ல, கக்கூசு இல்ல, இருட்டினா இந்த ஒழுங்கைல லைட் இல்ல. எப்பிடி அனுப்புற?" என்று கேட்டார். தகரத்தில் ஒரு அறை அடித்தோம். பக்கத்து வீட்டு மாமி கிணற்றடியையும் கக்கூசையும் தந்தார். அந்த ஆண்டே நான்கு பேர் வந்தார்கள். சித்தி இப்போதும் வருகிறார், நேரம் பார்த்து மணி அடிப்பது அவர்தான்.

இப்போது புதிய பிள்ளை வந்தால் கொப்பியில் வேறு விஷயங்களை எழுதுகிறேன். பகல் என்ன சாப்பிட்டாய், எதில் வந்தாய், எதில் திரும்பிப் போவாய், ரியூசன் எந்த நாட்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள், பின்னேரம் தம்பி தங்கச்சியை யார் பார்ப்பது. ஒரு வருடம் ஆகும் வரை யாரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வதில்லை. 13 வயதில் பிந்தி வளரும் பிள்ளைகள் 16இல் வேறு ஆளாக நிற்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஒருவர் வராமல் விட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போவேன். ஏச மாட்டேன், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவேன். போகும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் வாசலிலேயே தெரியும்.

கொட்டிலில் ஒரு பெரிய சட்டி இருக்கிறது. பயிற்சிக்கு முன் எல்லாருக்கும் வாழைப்பழம், முடிந்த பிறகு அவித்த கடலை அல்லது பயறு, கிழமைக்கு இரண்டு நாள் முட்டை. காத்தான்குடிப் பிள்ளையின் வாப்பா வெள்ளிக்கிழமைகளில் சோற்றுப் பார்சல் அனுப்புகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கிளவுஸ் வாங்க வைத்த காசில் பாதியை இந்தச் சட்டிக்குப் போடுங்கள். கை சுற்ற பழைய பருத்திச் சாரனைக் கிழித்து நாலரை மீற்றர் எடுத்தால் போதும். குத்தும் மூட்டைக்கு மணல் மட்டும் போடாதீர்கள், அடியில் இறுகிக் கல்லாகிவிடும், பிள்ளைகளின் மணிக்கட்டு போய்விடும். பழைய துணியும் மரத்தூளும் கலந்து அடையுங்கள். இதையும் நான் இரண்டு வீங்கிய மணிக்கட்டுகளைப் பார்த்த பிறகுதான் படித்தேன்.

போன வருடம் வவுணதீவுப் பக்கமிருந்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதம் வந்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக நின்றார்கள். வீடு தேடி வலையிறவுப் பாலத்தைக் கடந்து போனேன். அந்தப் பக்கம் போகும் கடைசி பஸ் பயிற்சி முடியும் முன்பே ரவுணைவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது. ஓட்டோவுக்குக் காசு இல்லை. இருட்டில் யானைக்குப் பயந்து நடக்க முடியாது. ஐந்தரைக்குத் தொடங்கிய பயிற்சியை மூன்றரைக்கு மாற்றினேன். வெயில் கொஞ்சம் கடும், தண்ணீர் கூட வைக்க வேண்டியிருக்கிறது. மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களில் சின்னவளின் கை நீளமா, குட்டையா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கிழமை அவள் இடுப்பைத் திருப்பத் தொடங்கியிருக்கிறாள்.